"உங்களுக்கு மட்டும்தான் இப்படி": பிரிட்டன் அஞ்சலக வழக்கில் எது பொய்?

#1 மூன்றாம்மாடி

நான் சாஃப்ட்வேர் டெஸ்டர். அதனால் ஹொரைசன் விவகாரத்தை முதலில் ஒரு 'பக்' (மென்பொருள் பிழை) கதையாகத்தான் படிக்க ஆரம்பித்தேன். போகப்போக பக் அதில் சின்ன விஷயம் என்று ஆகிவிட்டது. இங்கே லண்டன்காரர்களும் இருக்கிறீர்கள், பேங்கில் இருந்தவர்களும் இருக்கிறீர்கள். அதனால் கேட்கிறேன்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 1999 முதல் பிரிட்டனின் அஞ்சலகக் கிளைகளில் ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள் வந்தது. நடத்தியது ஃபுஜிட்சு. பெட்டியில் இருக்கும் பணத்துக்கும் திரை காட்டும் தொகைக்கும் வித்தியாசம் வந்தபோதெல்லாம் நிர்வாகம் திரையை நம்பியது, ஆளை நம்பவில்லை. 1999-க்கும் 2015-க்கும் இடையில் 900-க்கும் மேற்பட்டவர்கள் திருட்டு, பொய்க்கணக்கு, மோசடி என்று தண்டனை பெற்றார்கள். அதில் 700-க்கும் மேல் போஸ்ட் ஆபீஸ் நிறுவனமே தொடுத்த வழக்குகள். விசாரித்ததும் அவர்களே, குற்றம் சாட்டியதும் அவர்களே.

என் கேள்வி இதுதான். கணக்கு உதைக்கிறது என்று உதவி எண்ணுக்குப் போன் செய்தவர்களில் பலர் ஒரே பதிலைக் கேட்டிருக்கிறார்கள்: "வேறு யாரும் இப்படிச் சொல்லவில்லை. உங்களுக்கு மட்டும்தான்." வேல்ஸில் ஒருவர், ஹாம்ப்ஷயரில் ஒருவர், யார்க்ஷயரில் ஒருவர். ஒருவரை ஒருவர் தெரியாது. எல்லோருக்கும் அதே பதில்.

போனை எடுத்தவர் பொய் சொன்னாரா? அவருக்கு உண்மை தெரியாது என்றால் அது பொய்யா? அவருக்கு மேலே இருந்தவருக்குத் தெரிந்திருந்தால் பொய் சொன்னது யார்?

#2 பழைய கேஷியர்

தம்பி, 34 வருஷம் கவுண்டரில் இருந்தவன் நான். கேஷ் குறைந்தால் கேஷியர் கையிலிருந்து போட வேண்டும். அது எங்கள் தொழிலின் சட்டம். கண்டக்டருக்கு கலெக்‌ஷன் குறைந்தாலும் அப்படித்தான், ரேஷன் கடையில் சரக்கு குறைந்தாலும் அப்படித்தான். நூறில் தொண்ணூற்றொன்பது தடவை தப்பு மனுஷன் கையில்தான் இருக்கும். நூறு ரூபாய்க் கட்டுக்குப் பதில் ஐநூறு ரூபாய்க் கட்டைத் தூக்கிக் கொடுத்திருப்போம். அந்த நிர்வாகமும் அனுபவத்தை வைத்து ஆளைச் சந்தேகப்பட்டிருக்கும். அதைப் பொய் என்று சொல்வது கொஞ்சம் அதிகம். தப்புக்கணக்கு வேறு, பொய் வேறு.

#3 ஈஸ்ட்ஹாம்

அண்ணைக்கு வணக்கம். நான் 22 வருசமாக இங்கே கடை வைத்திருக்கிறேன். போஸ்ட் ஒபிஸ் கவுண்டர் எடுக்கவில்லை, ஆனால் எடுத்தவர்களைத் தெரியும். இந்த முறையை விளங்கிக்கொண்டால்தான் மற்றது விளங்கும்.

சப் போஸ்ட்மாஸ்டர் சம்பளத்துக்கு வேலை செய்கிற ஆள் இல்லை. பெரும்பாலும் சேமிப்பைப் போட்டு, வீட்டை அடகு வைத்துக் கடையை வாங்குவார்கள். கடையின் ஒரு மூலையில் கண்ணாடி போட்ட கவுண்டர். முன்பக்கம் பால், பேப்பர், வாழ்த்து அட்டை. ஊரில் பென்சன் எடுக்க வருகிற கிழவிகள் எல்லோருக்கும் அவரைப் பெயர் சொல்லித் தெரியும். கவுண்டர் போனால் கடை போகும், கடை போனால் வீடு போகும். இங்கே தெற்காசியர்கள் நிறையப் பேர் இந்தத் தொழிலில் இருந்தார்கள், ஏனென்றால் குடும்பமாக நின்று செய்யலாம்.

ஒப்பந்தத்தில் என்ன இருந்தது தெரியுமோ? அவருடைய கவனக்குறைவாலோ பிழையாலோ வந்த நட்டத்துக்குத்தான் அவர் பொறுப்பு. நிர்வாகம் எல்லோரிடமும் நடந்துகொண்டது, என்ன காரணத்தால் குறைந்தாலும் நீதான் கட்ட வேண்டும் என்ற மாதிரி. 2019-இல், சப் போஸ்ட்மாஸ்டர்கள் சேர்ந்து போட்ட வழக்கில் நீதிபதி ஃபிரேசர் அந்த ஒப்பந்தத்தை எடுத்துவைத்து வரிவரியாகச் சொன்ன பிறகுதான் பலருக்குத் தங்கள் ஒப்பந்தத்தில் என்ன இருந்தது என்றே தெரிந்தது. நீங்கள் தப்புக்கணக்கு என்கிறீர்கள் அண்ணை, இது எந்தக் கணக்கு?

#4 மூன்றாம்மாடி

ஒப்பந்த விஷயம் எனக்குத் தெரியாது, நன்றி.

கேஷியர் சார் சொன்னதற்கு ஒன்று. உங்கள் காலத்தில் கணக்கு உதைத்தால் பேரேட்டைப் புரட்டி எந்தப் பதிவில் உதைக்கிறது என்று தேடியிருப்பீர்கள். இவர்களால் அது முடியவில்லை. முழுப் பதிவும் ஃபுஜிட்சுவிடம். அதோடு கணக்கு முடிக்கும் நாளில் திரை கேட்கும்: குறைகிற பணத்தை இப்போதே கட்டுகிறாயா, பிறகு கட்டுகிறாயா? 'இது என் கடன் இல்லை, நான் மறுக்கிறேன்' என்று அழுத்த ஒரு பொத்தானே கிடையாது. ஒத்துக்கொள்ளாவிட்டால் அடுத்த கணக்குக் காலத்துக்குப் போக முடியாது, கிளையைத் திறக்க முடியாது. அதனால் பலர் பெட்டியில் இல்லாத பணத்தை இருப்பதாகக் காட்டிவிட்டுக் கதவைத் திறந்தார்கள். அதற்குத்தான் 'பொய்க்கணக்கு' என்று வழக்கு!

பொய் சொல்ல வேறு வழியே விடாத ஒரு திரை. பிறகு பொய் சொன்னாய் என்று தண்டனை. ஒரு டெஸ்டராக எனக்கு இதுதான் வயிற்றைக் கலக்கியது.

ஜோ ஹாமில்டன் என்ற அம்மாவின் கதையைப் படியுங்கள். உதவி எண்ணில் இருந்தவர் சொன்னபடி விசைகளைத் தட்டுகிறார். சுமார் 2,000 பவுண்டு பற்றாக்குறை அவர் கண்முன்னே இரட்டிப்பாகிறது. கடைசியில் 36,000 பவுண்டுக்கு வழக்கு. பொய்க்கணக்கை ஒத்துக்கொண்டால் திருட்டுக் குற்றச்சாட்டை விட்டுவிடுகிறோம் என்றார்கள், ஒத்துக்கொண்டார். சிறைக்குப் போகாமல் இருக்க அதுதான் வழி. தீர்ப்பு நாளில் ஊரே நீதிமன்றத்துக்கு வந்தது. பணமும் வசூலித்துக் கொடுத்தது.

#5 நடுநிலை

எல்லா கம்பெனியும் செய்வதுதான். பெரிய இடத்தில் யார் தப்பை ஒத்துக்கொள்வார்கள்? இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

#6 ஹெட்செட்

நான் இருக்கிறேன் விவாதிக்க :)

2011-இல் இருந்து நான்கு வருஷம் சென்னையில் ஒரு கால் சென்டரில் இருந்தேன். எந்தக் கம்பெனிக்காக என்று சொல்லப்போவதில்லை. எங்களுக்கு எழுதிக் கொடுத்த ஸ்கிரிப்ட்டில் ஒரு வரி உண்டு: "இப்படி ஒரு புகார் எங்களுக்கு இதுவரை வரவில்லை." காலையில் அதே புகாரை ஏழு பேர் சொல்லியிருப்பார்கள். எட்டாவது ஆளிடமும் அந்த வரியைச் சொல்வேன். முதல் வாரம் நாக்கு கூசியது. இரண்டாவது மாதம் கூசவில்லை. அது என் வாக்கியமே இல்லை, திரையில் இருப்பதை வாசிக்கிறேன், அவ்வளவுதான்.

அந்த வரி எதற்கு என்று ஒருநாள் டீம் லீடரிடம் கேட்டேன். "அடுத்தவனுக்கும் இருக்குன்னு தெரிஞ்சா கஸ்டமர் குரல் மாறிடும்" என்றார். உண்மைதான். தனக்கு மட்டும்தான் என்று நினைக்கிறவர் மன்னிப்புக் கேட்கிற மாதிரி பேசுவார். "மேடம், நான்தான் ஏதாவது தப்பா அழுத்திட்டேனோ?" எங்கள் விஷயத்தில் போனது இருநூறு முந்நூறு ரூபாய். இங்கிலாந்தில் வீடே போயிருக்கிறது.

அதனால் #1-க்கு என் பதில்: போன் எடுத்தவருக்குத் தெரிந்ததோ இல்லையோ, வரியை எழுதியவருக்கு அது எதற்கு என்று தெரியும்.

#7 ஈஸ்ட்ஹாம்

தங்கச்சி சொன்னதோடு இதையும் சேர்க்க வேண்டும். பிரிட்லிங்டனில் லீ காசல்டன் என்பவர் உதவி எண்ணுக்கு 91 தடவை எடுத்தார். 91! திருடுகிறவன் எதற்காக 91 தடவை போன் எடுத்து என் கணக்கைப் பாருங்கள் என்று கெஞ்சுகிறான்? சுமார் 25,000 பவுண்டுக்கு அவர் மேல் சிவில் வழக்கு. சட்டத்தரணி வைக்கக் காசில்லாமல் தானே நின்று வாதாடித் தோற்றார். 2007-இல் எதிர்த்தரப்பின் செலவு 321,000 பவுண்டை அவர் தலையில் போட்டார்கள். திவால். அந்தக் காலத்துக் கடிதங்கள் பிறகு பொது விசாரணையில் வந்தன. அந்த வழக்கை விடாமல் நடத்தினது காசுக்காக மட்டும் இல்லை, மற்ற சப் போஸ்ட்மாஸ்டர்களுக்கு ஒரு செய்தி போக வேண்டும் என்பதும் அதில் இருந்தது.

மற்றவர்களுக்கு இந்தப் பிரச்சினையே இல்லையென்றால், மற்றவர்களுக்கு எதற்குச் செய்தி?

#8 பழைய கேஷியர்

#7-இன் கடைசி வரி நல்ல கேள்வி. யோசிக்கிறேன்.

#9 கோர்ட்குமாஸ்தா

சட்டப் பக்கம் ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். இங்கிலாந்தில் 1984 சட்டம் ஒன்றில் 69-ஆம் பிரிவு இருந்தது. கணினியிலிருந்து எடுத்த ஆவணத்தைக் கிரிமினல் வழக்கில் காட்டினால், அந்தக் கணினி சரியாக இயங்கியது என்றும் காட்ட வேண்டும். 1999-இல் ஒரு சட்டம் போட்டு அதை நீக்கிவிட்டார்கள். அதன்பின் கணினி சரி என்பதே அனுமானம், தவறு என்றால் எதிராளிதான் கிளப்ப வேண்டும். ஹொரைசன் கிளைகளுக்கு வந்ததும் அதே சமயம். கிராமத்துக் கடைக்காரர் ஃபுஜிட்சுவின் சர்வருக்குள் இருக்கும் பிழையை எப்படிக் காட்டுவார்?

நம் ஊரில் கணினி ஆவணத்துக்கு 65பி சான்றிதழ் என்று கேட்போம், இப்போது 2024 ஜூலை முதல் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு. 'நம்மிடம் சான்றிதழ் உண்டு' என்று நண்பர்கள் பெருமைப்பட வேண்டாம். பழைய சான்றிதழில் கையெழுத்துப் போட்டவர் பெரும்பாலும் கணினியைக் கையில் வைத்திருந்தவர்தான். புதிய பிரிவில்தான் அவரோடு ஒரு நிபுணரின் கையெழுத்தும் கேட்கிறார்கள்.

#10 நடுநிலை

சரி, ஒத்துக்கொள்கிறேன், அநியாயம்தான். ஆனாலும் கேட்கிறேன். மேலே இருந்தவர்கள் மென்பொருளை உண்மையாகவே நம்பியிருந்தால்? அறியாமைக்கு ஏன் பொய் என்று பெயர் வைக்கிறீர்கள்?

#11 மூன்றாம்மாடி

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். என் மனசை மாற்றியது 2010-ஆம் ஆண்டு. அந்த ஒரே வருஷத்தில் நடந்தவற்றை வரிசையாக வைத்துப் பாருங்கள்.

ஆகஸ்ட்: நிறுவனத்துக்குள்ளேயே ஒரு அறிக்கை. ஹொரைசனை ஏன் நம்பலாம் என்பதற்கான காரணங்கள் மட்டும் அதில். வெளியாரை வைத்து ஆய்வு செய்யலாமா என்ற இடத்தில் ஒரு எச்சரிக்கை வருகிறது. அப்படி ஆய்வு செய்தால் அதை நீதிமன்றத்தில் சொல்ல வேண்டிவரும், தன் கணினியையே நிறுவனம் சந்தேகிக்கிறது என்ற எண்ணம் வந்துவிட்டால் கிரிமினல் வழக்குகளை எல்லாம் நிறுத்த வேண்டிவரும் என்று. மென்பொருளை உண்மையாகவே நம்புகிறவன் ஆய்வுக்கு ஏன் பயப்படுகிறான்?

அடுத்தது, வரவு செலவு பொருந்தாத ஒரு பக். பல கிளைகளைத் தொட்டது. ஃபுஜிட்சுவும் போஸ்ட் ஆபீஸும் உட்கார்ந்து பேசி எழுதிய குறிப்பு இருக்கிறது. இது வெளியே பரவினால் கிளைகளுக்கு ஹொரைசன் மேல் நம்பிக்கை போய்விடும், நடக்கிற வழக்குகளைப் பாதிக்கலாம் என்று கவலைப்படுகிறார்கள். கிளைக்காரருக்குத் தெரியாமலே கணக்கைத் திருத்துவதும் அதில் ஒரு யோசனையாக எழுதப்பட்டிருக்கிறது.

அக்டோபர்: அந்தக் குறிப்பு நிறுவனத்தின் வழக்கறிஞரிடம் போன சில நாட்களில் கில்ஃபோர்டு நீதிமன்றத்தில் சீமா மிஸ்ராவின் வழக்கு ஆரம்பம். வெஸ்ட் பைஃப்லீட் கிளை, 74,000 பவுண்டு பற்றாக்குறை. மென்பொருள்தான் காரணம் என்று அவர் தரப்பு வாதாடியது. அந்தக் குறிப்பு அவர் தரப்புக்குக் கொடுக்கப்படவில்லை. குற்றவாளி என்று தீர்ப்பு.

நவம்பர் 11: 15 மாதச் சிறை. அப்போது அவர் கர்ப்பிணி. அன்றைக்கு அவருடைய மூத்த மகனுக்குப் பத்தாவது பிறந்தநாள். வென்ற பிறகு நிறுவனத்தின் வழக்கறிஞர் உள்ளே அனுப்பிய மின்னஞ்சலில் இருந்தது மகிழ்ச்சிதான். ஹொரைசன் மேல் குறைசொல்லும் கூட்டத்தில் மற்றவர்கள் சேராமல் இருக்க இது உதவும் என்று.

அவர்கள் நம்பினார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அந்த நம்பிக்கையைக் காப்பாற்ற எதையெல்லாம் பார்க்காமல் இருக்க வேண்டும் என்று அவர்களுக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்கிறது.

#12 நடுநிலை

ம். 2010 விஷயம் தெரியாது.

#13 ஹெட்செட்

வார்த்தைகளையும் கவனியுங்கள். 2013-இல் வெளி ஆய்வாளர்களின் இடைக்கால அறிக்கை வரும் நேரம். தலைமை நிர்வாகி பாலா வென்னெல்ஸ் 'பக்' என்ற சொல்லுக்குப் பதிலாக உணர்ச்சியைக் கிளப்பாத சொல் ஒன்று வேண்டும் என்று தன் கணவரிடம் கேட்கிறார். 'விதிவிலக்கு' அல்லது 'முரண்' என்கிற மாதிரி சொற்கள் வருகின்றன. அதற்கப்புறம் நிறுவனத்தின் தாள்களில் பக் காணாமல் போகிறது, 'அனாமலி' வருகிறது. எங்கள் கால் சென்டரிலும் 'கம்ப்ளெயின்ட்' என்று சொல்லக் கூடாது, 'கன்சர்ன்' என்றுதான் சொல்ல வேண்டும். சொன்னால் மார்க் குறையும்.

அதே ஆண்டு இன்னொன்று. ஹொரைசன் பிரச்சினைகளைப் பேச வாராந்திரக் கூட்டம் வைக்கிறார்கள். அதன் குறிப்புகளை அழிக்கச் சொல்லியிருப்பதாகக் கேள்விப்பட்ட வெளி வழக்கறிஞர் ஒருவர், அப்படிச் செய்யக் கூடாது என்று எழுத்திலேயே எச்சரித்திருக்கிறார்.

#14 ஈஸ்ட்ஹாம்

2015 பெப்ரவரியில் அந்த அம்மா நாடாளுமன்றக் குழு முன் போக வேண்டும். அதற்கு முன் ஆட்களுக்கு ஒரு மின்னஞ்சல். வெளியில் இருந்து கிளைக் கணக்குக்குள் போக முடியுமா? இல்லை, முடியாது என்று நான் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும், ஏன் முடியாது என்பதை எழுதித் தாருங்கள் என்கிற பாணி. முதலில் பதில், பிறகு காரணம். ஃபுஜிட்சு ஆட்கள் பிராக்னெல் அலுவலகத்தில் இருந்தபடியே உள்ளே போகக்கூடியதாக இருந்தது. அங்கே வேலை செய்த ரிச்சர்ட் ரோல் அதே வருசம் தொலைக்காட்சியில் வந்து சொன்னார். அப்பவும் மறுத்தார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், மனசு பொறுக்கவில்லை. விசாரணை ஆட்கள் சந்தேக நபர்களை இனவாரியாகக் குறிக்கப் பயன்படுத்திய ஒரு தாள் 2023-இல் தகவல் உரிமைக் கேள்வியால் வெளியே வந்தது. அதில் கறுப்பர்களுக்கு இருந்த சொல்லை நான் இங்கே எழுத மாட்டேன். எங்களுக்கும் ஒரு பெட்டி இருந்தது. 'நீ மட்டும்தான்' என்று சொன்னவர்களிடம் எல்லோரையும் பிரித்துப் போட ஒரு பட்டியல் இருந்திருக்கிறது.

#15 மூன்றாம்மாடி

அந்த 'மட்டும்' எப்படி உடைந்தது என்பதுதான் எனக்கு இதில் பிடித்த பகுதி. லாண்டட்னோ பக்கம் கிளை நடத்திய ஆலன் பேட்ஸ், கட்ட மறுத்ததால் 2003-இல் ஒப்பந்தத்தை இழந்தவர். 2009-இல் ஒரு கணினிப் பத்திரிகை ஏழு பேரின் கதையை வெளியிட்டது. அதே ஆண்டு ஃபென்னி காம்ப்டன் என்ற கிராமத்தின் பொது மண்டபத்தில் ஒரு கூட்டம். கொஞ்சம் பேர்தான் வந்தார்கள். அதுவரை ஒவ்வொருவரும் தான் ஒருவர்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்கள். நாற்காலி போட்டு உட்கார்ந்ததுமே பாதிப் பொய் செத்துவிட்டது.

மீதிப் பாதிக்குப் பத்து வருஷம் ஆனது. 555 பேர் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். 2019 டிசம்பரில் நீதிபதி ஃபிரேசர், நிறுவனத்தின் வாதம் பூமி தட்டை என்று சாதிப்பதன் 21-ஆம் நூற்றாண்டு வடிவம் என்று எழுதினார். 57.75 மில்லியன் பவுண்டு சமரசத் தொகை. அதில் வழக்குச் செலவும் வழக்குக்குப் பணம் போட்டவர்களின் பங்கும் போக, 555 பேருக்கும் சேர்த்து மிஞ்சியது சுமார் 12 மில்லியன்தான். 2021 ஏப்ரல் 23 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 39 பேரின் தண்டனையை ரத்து செய்தது, சீமா மிஸ்ராவும் ஜோ ஹாமில்டனும் அதில் உண்டு. 2024-இல் டிவி தொடர் ஒன்று வந்து நாடே கொதித்த பிறகு சட்டம் போட்டு மொத்தமாக ரத்து செய்தார்கள். 2025 ஜூலையில் வந்த விசாரணை அறிக்கை, குறைந்தது 13 பேரின் தற்கொலைக்கு இது காரணமாக இருந்திருக்கலாம் என்கிறது.

#16 கோர்ட்குமாஸ்தா

2024 மேயில் வென்னெல்ஸ் விசாரணையில் அழுதுகொண்டே சொன்னது: நான் மற்றவர்களை அதிகம் நம்பிவிட்டேன். கீழே இருந்தவர்கள் மேலே இருந்தவர்கள் சொன்னதாகச் சொன்னார்கள். ஃபைலில் எல்லோர் கையெழுத்தும் இருக்கிறது, பொய் மட்டும் யாருடையதும் இல்லை.

#17 பழைய கேஷியர்

நேற்றிலிருந்து இந்த இழையைத் திறந்து திறந்து பார்க்கிறேன். #2-இல் நான் எழுதியதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் இருந்த நிறுவனத்தில் கிளைகளுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. பெயர் வேண்டாம். அப்போது நான் தலைமை அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிற இடத்தில் இருந்தேன். ஒரு கிளையிலிருந்து ஒரு பையன் போன் செய்தான். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருக்கும். கரண்டு போய் வந்த பிறகு இருப்பு மாறிவிடுகிறது சார், ரெண்டு தடவை ஆகிவிட்டது என்றான். நான் சொன்னேன்: "இருபது கிளையில ஓடுது. உனக்கு மட்டும் என்னப்பா?"

அந்த வாரம் இன்னும் இரண்டு கிளைகளிலிருந்து எனக்கு அதே போன் வந்திருந்தது.

எனக்கு யாரும் ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுக்கவில்லை அம்மா. நானேதான் சொன்னேன். வருஷக் கணக்கு முடிக்கிற நேரம். மூன்று கிளையில் இருக்கிறது என்று ஒத்துக்கொண்டால் இருபதையும் நிறுத்திப் பார்க்க வேண்டும். மேலே இருந்தவர் அந்த மெஷினை வாங்க எவ்வளவு பாடுபட்டார் என்று எனக்குத் தெரியும். ஒரு பையன் ஆயிரத்துச் சொச்சம் கட்டினால் தீர்ந்துபோகும் என்று தோன்றியது. அந்த நிமிஷத்தில் அதைப் பொய் என்றே நான் நினைக்கவில்லை, அலுவலகத்தைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் நினைத்தேன்.

1,840 ரூபாய். மூன்று மாதச் சம்பளத்தில் பிடித்தோம். மூன்றாவது பிடித்தம் முடிந்த மாதம் கம்பெனிக்காரன் வந்து எதையோ மாற்றிவிட்டுப் போனான், அதற்கப்புறம் யாருக்கும் அப்படி வரவில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

#18 ஹெட்செட்

சார்...

#19 ஈஸ்ட்ஹாம்

அண்ணை, அந்தப் பொடியன் இப்ப எங்கே? தொடர்பு இருக்கா?

#20 பழைய கேஷியர்

பொடியன் இல்லை, அவனுக்கே ஐம்பது தாண்டியிருக்கும். தேனிப் பக்கம் இருப்பதாகப் பழைய நண்பர் ஒருவர் சொன்னார். நம்பரும் கொடுத்துவிட்டார், பேத்தி போனில் பதிந்து வைத்திருக்கிறாள். இன்னும் போடவில்லை. இன்று காலை 1,840-க்கு இத்தனை வருஷத்துக்கு வட்டி என்ன ஆகும் என்று ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன். பிறகு அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். பணத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மற்ற இரண்டு கிளைகளைப் பற்றிச் சொல்லாமலே போனை வைத்துவிடுவேன் என்று எனக்கே தெரியும்.